பதினோராம் விதி

காலி செய்யும் நாளில் சுவர்கள்
வெள்ளையாக இருக்க வேண்டும்.
வாடகை ஒப்பந்தம், விதி பதினொன்று.
நான்கு வருடம் அதற்கு மரியாதை கொடுத்து
பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் போல
குடித்தனம் நடத்தினோம்.

குதைபியா, மூன்றாம் மாடி, லிஃப்ட் பெயருக்கு.
ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடத்து ஏசி
முகத்தில் மூச்சு விடும்.
நடைவழி திரும்பும் இடத்தில் சுவருக்கு ஒரு முனை.
ராத்திரி தண்ணீர் குடிக்க எழும்போதெல்லாம்
என் இடுப்பெலும்பை விசாரிக்கும்.
ஜெனிலாவின் நெற்றியில் அது மூன்று தையல் போட்ட அன்று
சொல்லிவிட்டேன், இதை உடைக்கணும்.

மரியசெல்வம் பகலெல்லாம் ரிஃபாவில்
யாருடைய வில்லாவுக்கோ ஜிப்சம் வளைவு கட்டுகிறவர்.
வீட்டுக்கு வந்தால் நேர்கோடாகப் படுத்துவிடுவார்.
"கையில எவ்வளவு?" கண் திறக்காமல் கேட்டார்.
நாற்பத்தேழு தினார். சீட்டுக்கு இருபது போகும்.
"மிச்சத்துக்கு மூலை வரும். கலர் வராது."

வந்தது.
ஹார்டுவேர் கடையின் பின்பக்கம்
கலவை பிசகி எவரோ வேண்டாமென்ற டின்கள்,
மூடியில் மார்க்கரால் ரிட்டர்ன்.
மாம்பழமாகக் கிளம்பி
பாதி வழியில் பூசணியாக மனம் மாறிய ஒன்று, இரண்டு தினார்.
பச்சை என்றால் கோபித்துக்கொள்ளும் ஒரு நீலம், ஒன்றரை.

வெள்ளிக்கிழமை குல் ஜமான் வந்தார்.
கூலி வேண்டாம், மீன்குழம்பு போதும்.
மெல்லிய பிளைவுட்டை ராத்திரியே
ஈரத்துணி சுற்றிக் குளியலறையில் சாய்த்திருந்தோம்,
காய்ச்சல்காரரைப் போல.
முழங்கால் கொடுத்து மெல்ல வளைத்தபடி
"கோல், கோல்" என்றார்.
அவர் பேச்சில் கோல் என்றால் வட்டம்.
எனக்குத் தெரிந்த கோல் நேரானது,
வளைந்தால் கொடுங்கோல் என்று
ஐந்து மார்க்குக்கு எழுதியவள் நான்.
அன்று வீட்டில் ஒரு கோல் வளைந்தது.
குடிமக்கள் மூவரும் கைதட்டினோம்.

பெரிய சுவரை உப்புத்தாளால் தேய்த்தபோதுதான்
பார்த்தோம்.
வெள்ளைக்கு அடியில் பச்சை.
பச்சைக்கு அடியில் வெள்ளை.
அதற்கும் கீழே அழுத்தமான ஒரு ரோஸ்,
மறுபடி வெள்ளை,
சிமெண்டைத் தொடுமுன்
காசளவு பீங்கான் நீலம்.
குல் ஜமானின் கை நின்றுவிட்டது.
எத்தனை பேர் பூசிப் பார்த்திருக்கிறார்கள்.
எத்தனை பேர் பெட்டி கட்டுமுன்
விதிக்குக் கட்டுப்பட்டிருக்கிறார்கள்.

"ஆணியை அங்கேயே அடிங்க" என்றேன்.
ஆணியில் நூல், நூலில் பென்சில்.
நூல் நழுவாமல் ஜெனிலா பிடித்துக்கொள்ள
அவள் அப்பாவின் கை எட்டிய மட்டும்
ஓர் அரைவட்டம் எழுந்தது,
நூல் இழுபட்டதில் ஒருபக்கம் கொஞ்சம் வயிறு வைத்து.
பூசணி நிறம் அடித்து முடித்ததும் கேட்டாள்,
"இது உதிக்குதா, மறையுதா?"
சைட்டில் ஒரு மில்லிமீட்டருக்குத் திட்டு வாங்குகிறவர்
தள்ளி நின்று பார்த்துவிட்டு
"காயட்டும், பிறகு தெரியும்" என்றார்.

வாடகைக்கு வந்த ஏஜென்ட் ஹிஷாம்
நடைவழியில் நின்றார்.
முனை இருந்த இடத்தைத் தடவினார்.
சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்தவர்
மறுபடி ஒருமுறை தடவினார்.
"விதி பதினொன்று, மேடம்."
"தெரியும்."
பதினாறு விதிகளையும் நான் படித்திருக்கிறேன்.
நிறத்துக்கு உண்டு, நாய்க்கு உண்டு,
பால்கனியில் துணி காயப்போட உண்டு.
வளைவுக்கு ஒன்றும் இல்லை.

ஒரு டின் வெள்ளையும் சேர்த்தே வாங்கி வைத்தாயிற்று.
ஆறு தினார்.
வாங்கியதில் விலை கூடியது அதுதான்.
சமையலறை மூலையில், மூடி திறக்காமல்.
அதன்மேல் உட்கார்ந்துதான் மீன் ஆய்கிறேன்,
முக்காலிக்குச் சரியான உயரம்.

நேற்று ராத்திரி தாகத்தில் எழுந்தேன்.
நடைவழி திரும்பும்போது
பழக்கத்தில் இடுப்பை ஒடுக்கிக்கொண்டேன்.
யாரும் கேட்கவில்லை.